பெனிஷா ஐஸில் வைத்த மருந்து

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீனுக்கு ஐஸ் போடுவதில் பெனிஷாவை மிஞ்ச ஆள் கிடையாது. சீலா மீன் என்றால் வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிப்பாள். தூரம் போகிற பெட்டி என்றால் ஐஸ் மேல் கல்லுப்பை அள்ளித் தூவுவாள். உப்பு பட்ட ஐஸ் இன்னும் குளிரும். அவள் கட்டிய பெட்டியைக் கேரளாவில் போய்த் திறந்தாலும் மீனின் கண் தெளிவாக இருக்கும்.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அலட்சியக்காரி என்றது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் கணவர் ஜீவமணி கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். சிறுநீரகத்தில் புற்றுநோய். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, சோதனையில் இருக்கும் ஒரு புது மருந்துக்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்ப ஒரு புரதம் உண்டு. ஊசியாகப் போட்டால் அது வந்த வேகத்தில் கரைந்துவிடும். அதற்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும்படி ஆன்டிபாடி என்ற வேறு வகைப் புரதம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ரத்தத்தில் நாள்கணக்கில் நிற்கும். பெனிஷா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்: "ஆளு வேறயாம். ஆனா அதே மாரி கதவத் தட்டுமாம். உள்ள இருக்கவன் முழிச்சுக்கிடுவானாம்."

முதல் சில ஊசிகளை மதுரையிலேயே போட்டார்கள். ஸ்கேனில் கட்டி சற்றுச் சுருங்கியிருந்தது. அலைச்சல் வேண்டாமென்று அடுத்த மருந்தை பெனிஷா கையில் கொடுத்து, தூத்துக்குடியில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சோதனையைக் கவனிக்கும் பொன்னுதுரை சொன்னது இவ்வளவுதான்: "நல்லா சில்லுனு கொண்டு போங்கம்மா."

அதுவும் யாரிடம்? பெனிஷாவிடம்! அவள் மீன்பெட்டியைத் தேய்த்துக் கழுவி, நொறுக்கிய ஐஸை நிரப்பி, மருந்தை நடுவில் புதைத்து, கல்லுப்பு தூவினாள். புருஷன் உயிராயிற்றே என்று ஒரு கை கூடுதலாகவே தூவினாள்.

என்னிடம் வந்தபோது குப்பி உறைந்து கிடந்தது. இளகியதும் வெளிச்சத்தில் பிடித்தேன். நூல் நூலாக மிதந்தது. ஆன்டிபாடிக்கு அதன் வடிவம்தான் எல்லாம். அது குலைந்தால் எந்தக் கதவையும் தட்டாது. இதைப் போட முடியாது என்றதும் பெனிஷா மருந்து வந்த அட்டைப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். 'உறைய வைக்காதீர்' என்று அதில் அச்சடித்துத்தான் இருந்தது, ஆங்கிலத்தில்.

மறுநாள் அவளோடு நானும் மதுரைக்குப் போனேன்.

"இது உங்க அலட்சியம். இனி அவர சோதனையில வச்சிருக்க முடியாது" என்றார் பொன்னுதுரை.

"உறையக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னியளா சார்?" என்றாள் பெனிஷா.

"அதெல்லாம் காமன் சென்ஸ்மா. தப்பு உங்க மேலன்னு ஒத்துக்கிட்டா, டாக்டர்கிட்ட பேசிப் பாக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். பெனிஷா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மீன் ஏலத்தில் அத்தனை ஆண்களையும் ஒரே சத்தத்தில் அடக்குகிறவள், தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என் மேலதான் சார்" என்றாள். அந்தச் சொல்லை அவளிடமிருந்து பிடுங்கியதை நான் மன்னிக்கப்போவதில்லை.

டாக்டர் சம்மதித்து, சாயங்காலம் அதே மருந்தில் வேறொரு குப்பி வந்தது. பெனிஷா கேட்டாள்: "சார், இப்பவாவது சொல்லுங்க. உறையாம எப்பிடிக் கொண்டு போவணும்?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். "அந்த சிஸ்டர்கிட்ட கேட்டுக்கோங்க."

மருந்துப் பெட்டியை எடுத்து அவர் மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. உள்ளே ஜீவமணியின் மருந்து இருந்தது. மெதுவாகத் தூக்கிக்கொண்டேன்.