நான்தான் ஓட்டினேன்

ஜெயசீலன் குடிக்க மாட்டான். மரக்காணம் உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கல்யாண வீட்டிலும் கலர் வாங்கிக் குடித்துவிட்டு, மற்றவர்களை வண்டியில் ஏற்றி வீடு சேர்க்கிறவன் அவன். அப்படிப்பட்டவன் குடிபோதையில் வண்டி ஓட்டியதாக இரண்டு முறை பிடிபட்டு, இப்போது சிறையில் இருக்கிறான். இரண்டு முறையும் ஊதிப் பார்க்கும் கருவி சரியாகத்தான் இருந்தது. இரண்டு முறையும் அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உப்பளத்து ஆட்கள் நம்புகிறார்கள். அதனால்தான் அவன் பெயரை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

போன மாசியில் தொடங்கியது. உப்பள முதலாளி சக்கரபாணி பாண்டியில் விடிய விடியக் குடித்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜெயசீலன் அவருடைய டிரைவர். ஆனால் போதை ஏறிவிட்டால் அவர் ஸ்டியரிங்கைத் தர மாட்டார். "குடிச்சாத்தான்டா எனக்கு ரோடே தெரியும்" என்பார். அன்றும் அவர்தான் ஓட்டினார். ஜெயசீலன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். கூனிமேடு தாண்டியது. உப்புப் பாத்திகள் வெளுக்கத் தொடங்கின. கிழக்கே இன்னும் சூரியன் வரவில்லை.

டொம்.

ரோட்டோரமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பொம்பளை காற்றில் எழும்பி உப்பு வாய்க்காலுக்குள் விழுந்தாள். அவளுடைய சோற்றுத் தூக்கு தார் ரோட்டில் உருண்டு போய் நின்றது.

சக்கரபாணி இறங்கி, செல்போன் வெளிச்சத்தை வாய்க்காலில் அடித்துப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சு" என்றார்.

ஜெயசீலன் சரிவில் கால் வைத்தான். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா போற? மொதல்ல நான் சொல்றதக் கேளு. ஏற்கெனவே ஒரு தடவ ஊதி மாட்டியிருக்கேன். பத்தாயிரம் கட்டினேன். ரெண்டாவது தடவைன்னா ரெண்டு வருஷம் உள்ள வைக்கலாம். இதுல ஆள் வேற செத்திருக்குது. குடிச்சிட்டு ஏத்துனா வெறும் விபத்துன்னு எழுத மாட்டான். பத்து வருஷம் வரைக்கும் இழுத்துருவான்."

"நான் என்னங்க பண்றது?"

"நீ ஊதினா காத்துதான வரும். அப்ப அது விபத்து. ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்துருவான். எடம் மாறி ஒக்காரு."

"மொதலாளி, ஆம்புலன்ஸு..."

"நான் உப்பளத்தத் தாண்டுன பெறவு கூப்புடு. நீ கட்டியிருக்கிற வீடு யாரு எடத்துல இருக்குதுன்னு மட்டும் யோசிச்சிக்க."

ஜெயசீலன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அது இன்னும் அவருடைய சூட்டோடு இருந்தது. சக்கரபாணி வரப்பு மேல் தள்ளாடித் தள்ளாடிப் போனார். ஒரு முறை விழுந்து எழுந்தார். அவர் கண்ணிலிருந்து மறைய வெகுநேரம் ஆனது.

அவ்வளவு நேரமும் வாய்க்காலில் ஒரு சத்தம் கேட்டது. குளுக்... குளுக்... யாரோ வாய் கொப்பளிப்பது போல. முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது என்று ஜெயசீலன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பிறகு போன் செய்தான்.

முதலில் வந்தது போலீஸ் ஜீப்தான்.

"ஓட்டினது யாரு?"

"நான்தான் சார். நான்தான் ஓட்டினேன்."

அவன் அதைச் சொன்ன உடனே வாய்க்காலில் அந்தச் சத்தம் நின்றது. அவன் கவனித்தான்.

ஊதச் சொன்னார்கள். ஊதினான். சைபர். செத்தவள் பெயர் சாலம்மாள் என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் ஜாமீனில் வீட்டுக்கு வந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்ட மனைவி லூர்துமேரி மூக்கைப் பொத்தினாள்.

"குடிச்சீங்களா?"

"என்ன பேசற நீ? எம்மேல என்னைக்காவது வாசன வந்திருக்கா?"

"இன்னைக்கு வருதே."

அவன் எழுந்து நின்றான். தரை லேசாகச் சாய்ந்தது.

ஒரு மாதம் கழித்து, பட்டப்பகலில், லாரியில் உப்பு லோடோடு போகும்போது சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஊதினான். கருவி கத்தியது. போலீஸ்காரர் தானே ஒரு முறை ஊதிப் பார்த்தார். சைபர். மறுபடி இவனை ஊதச் சொன்னார். முன்னைவிடக் கூடுதல். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அதிலும் சாராயம் இருந்தது. கோர்ட்டில் அவன் மாதா மேல் சத்தியம் செய்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பத்தாயிரம் அபராதம். ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். "அடுத்த தடவ ஜெயில்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆறு மாதம் மண்வெட்டி பிடித்தான். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே லாரியை எடுத்தான். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

உச்சிப்பொழுது. உப்பளத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. வெயிலுக்கு முன்பே வேலை முடித்து எல்லோரும் போயிருந்தார்கள். குவித்து வைத்த உப்பு கண்ணைக் குத்தியது.

சோதனைச் சாவடி தெரிந்தபோது, மாசியிலிருந்து வந்து வந்து போகும் அந்தக் கசப்பு அவன் நாக்கில் வந்தது. பிராந்தி. உடனே லாரியை ஓரம் கட்டினான். போதை இறங்கும்வரை அசையக் கூடாது என்று நினைத்தான். இஞ்சினை அணைத்தான்.

சத்தமே இல்லை.

பிறகு...

குளுக்.

பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. அன்றைக்கு அவன் உட்கார்ந்திருந்த பக்கம்.

அவன் திரும்பவில்லை. சீட்டிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் செருப்பை நனைத்தது. சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

திரும்பினான்.

சாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். கண் இமையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வாய் நிறையத் தண்ணீர்.

"ஓட்டினது யாரு?"

"மொதலாளி... சக்கரபாணி மொதலாளி. நான் ஓட்டலம்மா. சத்தியமா நான் இல்ல."

அவள் அவனையே பார்த்தாள்.

"எங்காதுல வேற மாதிரி உளுந்துச்சே."

அவன் கதவின் கைப்பிடியைத் தேடினான்.

"நான்தான்னு நீதான சொன்ன? அதக் கேட்டுட்டுத்தான்... என் உசிரு போச்சு."

டக். டக்.

கண்ணாடியைத் தட்டியது போலீஸ்காரர். பக்கத்து சீட் காலியாக இருந்தது. காய்ந்திருந்தது.

"என்னய்யா, சாவடியப் பாத்ததும் நிறுத்திட்ட? எறங்கு. ஊது."

ஊதினான்.

கருவி கத்தியது.

ஸ்டேஷனில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இனி மறைப்பதில்லை. வீடு போனால் போகட்டும்.

"சார், அன்னைக்கு அந்தம்மாவ ஏத்துனது..."

"யாரு?"

முதலாளி பெயர் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தான்.

"நான்தான் சார்."

தலையை ஆட்டினான். கையால் இல்லை என்று காட்டினான். வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நான்தான் சார். நான்தான் ஓட்டினேன்."

இரண்டாவது முறை என்பதாலும், சாவு வழக்கு ஒன்று நிலுவையில் இருந்ததாலும், கோர்ட் அபராதத்தோடு விடவில்லை. இரண்டு வருடம் கிடைத்தது.

சிறைக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. பூட்டிய அறைக்குள் சாயங்காலம் தோறும் தலை சுற்றும். காவலர்கள் மூன்று முறை பாயை உதறிப் பாட்டில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒருநாள் மனுப் போட்டு அவனைப் பார்க்க வந்த லூர்துமேரி, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஊர்க்கதை சொன்னாள்.

"மொதலாளியப் பத்தி கேட்டீங்களா? எவ்ளோ குடிச்சாலும் இப்ப அவருக்கு ஏறவே மாட்டேங்குதாம். தண்ணி மாதிரி போவுதாம். மூக்கு முட்டக் குடிச்சிட்டுக் கார் ஓட்டிட்டு வர்றாரு. சாவடில ஊதச் சொல்றாங்க. ஊதுறாரு. சைபர்."

"எப்பலேர்ந்து?"

"மாசியிலேர்ந்துதான்."

ஜெயசீலன் தன் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தான். பார்க்கும் நேரம் முடிந்தது.

அடுத்த வாரம் சிறை மருத்துவர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண்ணைப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள்.

"எத்தன வருஷமா குடிக்கிற?"

"குடிக்கறதில்லீங்க."

"கல்லீரல் போயிருச்சு. இனி ஒரு வாய் குடிச்சாலும் தாங்காது."

ஜெயசீலன் சக்கரபாணிக்கு ஆள் அனுப்பினான். அவர் வந்தார். ஆள் மினுமினுவென்று, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். இவன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு முன்பே தெரியும் என்பது இவனுக்குப் புரிந்தது.

"நிறுத்திருங்க மொதலாளி. எம் பொண்ணுக்கு நாலு வயசுதான் ஆவுது."

சக்கரபாணியின் கண் கலங்கியது. கம்பிக்குள் விரலை விட்டு அவன் கையைத் தொட்டார்.

"இனிமே தொடவே மாட்டேன்டா. எங்கொல தெய்வத்து மேல ஆண. நீ ஒடம்பப் பாத்துக்க."

அவர் போனார். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சிறையிலிருந்து பாண்டி அரை மணி நேரம்தான்.

அரை மணி நேரம் ஆனது.

ஜெயசீலன் வாயை இறுக மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பல்லுக்குப் பின்னால், நாக்கின் அடியில், கசப்பு மெல்ல ஊறத் தொடங்கியது.