வசந்தா அக்கா எழுதிய வேதியியல் தேர்வு

ரயில் பூன் லே நிலையத்தை நெருங்கும்போது செய்தி வந்தது. வசந்தா அக்காவின் மகள் ரேகா அனுப்பியிருந்தாள். "அம்மா காலையில போயிட்டாங்க. மாரடைப்பு." பூன் லேயில்தான் அவர்கள் வீடு. நான் இறங்கவில்லை. அடுத்த நிலையம்வரை போனேன். பிறகு திரும்பி வந்தேன்.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் வசந்தா அக்காவைச் சிங்கப்பூர்த் தொடக்கக்கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூட உதவியாளராக அறிவீர்கள். மாணவர்கள் வருமுன் கரைசல்களைக் கலக்கி வைப்பவர். போனபின் சோதனைக்குழாய்களைக் கழுவுபவர். இருபது ஆண்டுகள். எனக்கு அவர் சக மாணவர். ஏ-லெவல் வேதியியலில் இருவருமே ஒருமுறை தேறாதவர்கள். தனித் தேர்வர்களாக மறுபடி எழுதவிருந்தோம். எனக்குப் பல்கலைக்கழக இடம் வேண்டும். உங்களுக்கு எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன்.

"தினமும் கலக்குறேன் தம்பி. ஏன் கலர் மாறுதுன்னு தெரியாமலே ரிட்டயர் ஆகணுமா?"

ஜாலான் புசாரில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் செய்முறைப் பயிற்சி. ஆளுக்கொரு கரைசல். என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அக்கா எதையும் தொடவில்லை. கரைசலின் நீல நிறத்தைப் பார்த்ததும் தாளில் ஒரே சொல் எழுதினார்: தாமிரம். விடை சரி. மதிப்பெண் பூஜ்யம்.

"சரின்னா ஏன் மார்க் இல்ல?"

"சோதனை செஞ்சு, பார்த்ததை எழுதணும்க்கா."

"பார்த்துப் பார்த்துச் சலிச்சாச்சு. இதுல என்ன எழுத?"

பிறகு என் தாளை எட்டிப் பார்த்தார். என்னுடையது துத்தநாகம் என்று நானே தீர்மானித்து, மனப்பாடமாக இருந்ததை எழுதியிருந்தேன்: அம்மோனியாவை மேலும் சேர்த்ததும் வெள்ளை வீழ்படிவு கரைந்தது.

"கரைஞ்சிருச்சா?" என் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை அப்படியே இருந்தது. "இதுக்கு இன்னும் நியூஸ் வரல போல லா."

கரையாவிட்டால் துத்தநாகம் இல்லை. அது அலுமினியம்.

அன்றே ஒப்பந்தம் போட்டோம். அவர் எழுதாமல் முடிவுக்குப் போகக்கூடாது. நான் பார்க்காமல் எழுதக்கூடாது.

சனிக்கிழமைகளில் தேக்கா உணவங்காடி. அக்காவுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே பெரும்பாடு. அதனால் மேசைக்கு வந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் விவரித்துப் பழகினார். தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர்: பழுப்பு. ஒளி புகாது. மேலே நுரை.

"முடிவு?" என்றேன்.

"இன்னும் குடிக்கவே இல்ல. அவசரப்படாதீங்க."

தேர்வு முடிவு வந்த நாளில் அக்காதான் அழைத்தார்.

"டி போட்டிருக்கு தம்பி. அது பாஸ்தானே?"

"பாஸ்க்கா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி, வைங்க. கழுவ நிறைய கிடக்கு."

எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. அந்த டி-யை வைத்து அக்கா மாலை நேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். ஒரு பருவம்கூட முடியவில்லை; அதற்குள் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குப் பிறகு ரேகா ஒரு தாளை நீட்டினாள். பட்டய வகுப்புக்காக அக்கா எழுதிய ஆய்வுக்கூட அறிக்கை. கண்டவை என்ற கட்டம் ஓரம்வரை நிறைந்திருந்தது. ஆங்கிலம் தடுமாறியது; ஆனால் எதுவும் விடுபடவில்லை. முடிவு என்ற கட்டம் காலி. பக்கத்தில் பென்சிலால், தமிழில்: ரெண்டு தடவை ரெண்டு விதமா வருது. மூணாவது செய்யணும்.

"நீங்க முடிச்சுத் தர்றீங்களா அண்ணா? அம்மாவோட லெக்சரருக்கு அனுப்பலாம்."

விடை எனக்குத் தெரியும் என்றே தோன்றியது. பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன்.

"திங்கட்கிழமை யூனிவர்சிட்டில எனக்கு லேப் இருக்கு. செஞ்சு பார்த்துட்டு எழுதுறேன்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூன்றாவது தடவை.