தட்டுகள் அதிராத மத்தியானம்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோலாலம்பூரில், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். "பாட்டி, நேரா விஷயத்துக்கு வாங்க லா" என்கிறாள். வருகிறேன். ஆனால் என் மகனின் கிட்டாரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி வருவது?

அது சாதாரணக் கிட்டார் இல்லை. நாலே கம்பி, ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கம்பி கனம். 'பேஸ்' என்பான். அதன் சத்தம் காது வழியாக வராது, தரை வழியாக வரும். அவன் அறையில் வாசித்தால் என் அடுப்படியில் சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று அதிரும். சாம்பார்கூட ஆடுகிறது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். தட்டு அதிர்ந்தால் பையன் வீட்டில் இருக்கிறான். அதிராவிட்டால் மோட்டார் சைக்கிளில் எங்கோ பறக்கிறான். தோள் வரைக்கும் முடி, கறுப்புச் சட்டை, அந்த மோட்டார். முடியைக் கண்டால் எனக்குக் கோபம். மோட்டாரைக் கண்டால் பயம்.

அன்று வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், நான் கிள்ளான் பண்டமாரானில் என் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் நண்டுக் குழம்பு வைத்தால் ஊரே மணக்கும், அது வேறு கதை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஓடி வந்து எனக்குப் போன் என்றார். செந்தூலிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஏம்மா, உடனே கெளம்பி வா. உன் வீட்டு வாசல் பூரா செருப்பு. உன் மவன் கூட்டாளிங்க எல்லாம் உக்காந்து அழுவுறாங்க. நடுவுல பாய் போட்டு, வெள்ளத் துணி மூடி, தலமாட்டுல வெளக்கு ஏத்தி வெச்சிருக்கு."

"என் மவன் எங்கக்கா?"

"அவனத்தான் காணோம். மோட்டாரையும் காணோம்."

"உள்ள போயி பாக்கலையாக்கா?"

"தீமிதிக்குக் காப்பு கட்டியிருக்கேனேம்மா! சாவு வீட்டுக்குள்ள எப்படி வருவேன்? சன்னல் வழியாத்தான் பாத்தேன்."

போனை யார் வாங்கி வைத்தார்கள் என்று தெரியாது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். தங்கை செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரே நெரிசல். சன்னலுக்கு வெளியே போன ஒவ்வொரு மோட்டாரிலும் என் மகன் போனான். ஒவ்வொரு லோரியும் அவனை இடிக்கத்தான் வந்தது. நீளமாக முடி வளர்த்த ஒரு பையன் எழுந்து, "ஆன்டி, உக்காருங்க" என்று இடம் விட்டான். அவன் முடியைப் பார்த்ததும் வாய் விட்டு அழுதுவிட்டேன். பாவம், பயந்து போய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான்.

"பத்துமலை முருகா, எம்புள்ளைய உசுரோட காட்டு. அவன் முடிய உனக்கே குடுத்துர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

"சும்மா இருக்கா, ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் தங்கை. அப்படிச் சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

மினி பஸ்ஸில் ஏறி, செந்தூலில் இறங்கி, தெருமுனைக்கு வந்ததும் காதைத் தீட்டினேன். தட்டுச் சத்தம் இல்லை. வாசலில் அக்கா சொன்ன மாதிரியே செருப்புக் குவியல். கூடத்தில் பாய். வெள்ளை வேட்டி மூடியிருந்தது. ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குச்சி மாதிரி ஒல்லி. என் பிள்ளையின் கால் நசுங்கிப்போய்விட்டது என்றே நினைத்தேன். நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே விழுந்து மாரில் அடித்துக்கொண்டேன்.

அவன் கூட்டாளியான சீனப் பையன் ஓடி வந்து என்னைத் தாங்கினான். "ஆன்டி, ஜாங்கான் நாங்கிஸ் லா" என்றான். அழாதே என்று சொன்ன அவனே தேம்பித் தேம்பி அழுதான். மற்றவர்களும் என்னைப் பார்த்து இன்னும் ஓங்கி அழுதார்கள். இல்லை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அப்போது வாசலில் மோட்டார் வந்து நின்றது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாங்கிய மாலையோடு என் மகன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"ஏம்மா இப்படி அழுவுறீங்க? உங்களுக்கும் அவர அவ்வளவு பிடிக்குமா?"

எழுந்து ஓர் அறை விட்டேன். அப்புறம் கட்டிக்கொண்டேன். அவன் கறுப்புச் சட்டை பூராவும் நண்டு மசாலா. தங்கை போய் வேட்டியை இழுத்தாள். உள்ளே அந்த நாலு கம்பிக் கிட்டார்!

அமெரிக்காவில் ஒருவர் இறந்துவிட்டாராம். ராக், ஜாஸ் இரண்டிலும் இந்தக் கிட்டாரைப் பேச வைத்தவராம். "அவரு இல்லன்னா நான் இதக் கையிலயே எடுத்திருக்க மாட்டேம்மா. அங்க போயி அழ முடியுமா? நமக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சோம்" என்றான். விளக்குக்குப் பக்கத்தில், பத்திரிகையில் வெட்டிய அவர் படம் இருந்தது.

சன்னலில் பக்கத்து வீட்டு அக்காவின் முகம் தெரிந்தது. "அடேய், சாவா இல்லையா? நான் உள்ள வரலாமா கூடாதா?"

"சாவுதான் பெரியம்மா. ஆனா அமெரிக்காவுல."

"அப்ப தீட்டு இவ்வளவு தூரம் வராது" என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்த பையன்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும்தான். தேத்தண்ணி கலக்க எழுந்தபோதுதான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். சின்னப் பையன் முகம்.

"அவருக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அவரைப் பற்றி எல்லாம் தெரிந்த அந்தப் பையன்களுக்கு அது தெரியவில்லை. மாலையை வாங்கி நானே படத்துக்குப் போட்டேன். "எடுத்து வாசிடா" என்றேன். அவன் வாசித்தான். அடுப்படியில் தட்டுகள் அதிர்ந்தன.

வேண்டுதலைச் சொன்னதும், "என் முடிய நீங்க எப்படிம்மா குடுப்பீங்க?" என்று குதித்தான். பிறகு படத்தைப் பார்த்தான். "சரி. அப்பன் செத்தா மொட்டை போடுறதில்லையா, அப்படி நெனச்சுக்கிறேன்" என்றான். பத்துமலையில் அவன் தலை குனிந்து உட்கார்ந்தபோது, சீனப் பையனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

இப்போது மகனுக்கு முடி தானாகவே கொட்டிவிட்டது. முருகன் வட்டியோடு எடுத்துக்கொண்டான் என்பேன். அவன் வீட்டில் நான் தங்கும்போதெல்லாம் தட்டுகள் இன்னமும் அதிர்கின்றன. மருமகள் அவற்றைப் பிடித்து நிறுத்தப் போவாள், விடும்மா என்பேன். எனக்கு அன்று துணியை விலக்கினால் கிட்டார் இருந்தது. எங்கோ ஒரு தாய்க்கு அப்படி இருந்திருக்காது என்ற நினைப்பு, ஒவ்வொரு அதிர்வோடும் இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் வந்து போகிறது.