சாய்ஸ் ஃபில்லிங்கில் நான் கேட்காத கேள்வி

1. முதல் சாய்ஸ்

காலேஜ் சீட் அலாட்மென்ட் ஆர்டரைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தபோது சுகுணாவைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கல்லூரியின் பீஸ், ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு, செலவு குறைந்ததை மேலே வைத்து அடுக்கித் தருவேன். கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை விருப்ப வரிசையில் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கிலும் அதே வரிசைதான். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இதைச் செய்வதில்லை என்று கொஞ்சம் திமிரும் உண்டு.

சுகுணா பொதட்டூர்பேட்டைப் பெண். அப்பா வீட்டிலேயே பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறவர். அவளுக்கு பி.எஸ்சி. நர்சிங். முதல் சாய்ஸாக நான் போட்டது தெற்கே ஒரு அரசுக் கல்லூரி. பீஸ் பெயருக்குத்தான். திருவள்ளூர் பக்கம், வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய தனியார் கல்லூரியை, பீஸ் பல மடங்கு என்பதால் மூன்றாவதாகப் போட்டேன். நல்ல மார்க். முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது.

அப்பா தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பையில் வைக்கவில்லை. என்ன யோசனை என்று கேட்டேன்.

"பீஸ் பத்தி இல்லம்மா. ஸ்கூல் வுட்டு வந்து இவ ரெண்டு தறி ஓட்டிக்கினு இருக்கா. இவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா ஆள் வெக்கணும். ஆளுக்குக் கூலி குடுத்துட்டா வூட்ல ஒண்ணும் நிக்காது."

பெண்ணின் படிப்பைவிடத் தறி பெரிதா என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டேன். சுகுணாதான் பேசினாள்.

"நைனாவ திட்டாதீங்கக்கா. மூணாவதா போட்டீங்களே, அந்த காலேஜிதான் நான் நெனச்சிகினு இருந்தது. நீங்க செலவு கம்மியானது மேல இருக்கணும்னீங்க. உங்களுக்குத் தெரியும்னு சும்மா இருந்துட்டேன்."

உடனே ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். முதல் சாய்ஸ் கிடைத்தவர்களுக்கு மாற்றம் கிடையாது. சேரலாம், இல்லை விட்டுவிடலாம் என்றார்கள். அப்பாவும் மகளும் விட்டுவிட்டார்கள்.

2. இன்னொரு வரி

அந்த வருஷம் முழுக்க அவள் தறி ஓட்டினாள். பொதட்டூர்பேட்டை போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தப்பு என்னுடையது; வீணாய்ப் போன வருஷம் அவளுடையது.

அடுத்த வருஷம் அப்ளிகேஷன் வந்ததும் நானே போன் செய்து அவளை வரவழைத்தேன். பழைய தாளை எடுத்து, ஹாஸ்டலுக்குக் கீழே 'தறிக்கு ஆள் கூலி' என்று ஒரு வரி சேர்த்தேன். நான்கு வருஷக் கூலியைக் கூட்டியதும், மலிவென்று மேலே வைத்த கல்லூரி கீழே இறங்கிவிட்டது. திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரி முதலில் வந்தது. அந்த முறை அதுவே கிடைத்தது. பீஸுக்கு பேங்கில் எஜுகேஷன் லோன். காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் வருகிறாள். இப்போது ஒரு தறிதான் ஓட்டுகிறாள். இன்னொன்றை அப்பா சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் கூட அவள் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வாரம் யூனிஃபார்மோடு வந்தாள். கூடவே பள்ளிப்பட்டிலிருந்து அவளுடைய சித்தி மகள், பிளஸ் டூ முடித்தவள். நான் வழக்கம்போல மார்க் ஷீட்டுக்குக் கை நீட்டினேன். பதினெட்டு வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? சுகுணா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மார்க் அப்புறம் பாக்கலாங்கக்கா. வூட்ல இவ இன்னா வேல செய்றான்னு மொதல்ல கேளுங்க."

கேட்டேன். வீட்டில் மூன்று மாடு. விடிவதற்குள் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது அவள்தானாம்.

புதுத் தாள் ஒன்று எடுத்து அதை முதல் வரியாக எழுதினேன். பீஸ் இரண்டாவது வரிக்குப் போனது.