பிலோமினா கலந்த முத்து வெள்ளை

பெங்களூரில் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளிக்கு மெட்ரோ ரயில் முதன்முதலாக ஓடிய வருஷம் அது. என்ன வருஷம் என்று கேட்டால் எனக்கு எண் சொல்லத் தெரியாது. ஜோகுபாளையத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய், எங்கும் இறங்க வேண்டிய வேலை இல்லாமல், சும்மா ஏறி உட்கார்ந்து போய்த் திரும்பி வந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஆட்டோக்களில் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாசத்தில்தான் பிலோமினா ஆஸ்டின் டவுனில் தன் வீட்டு மொட்டை மாடியில் கார் கதவுக்கு முத்து வெள்ளை அடித்தார்.

போன வாரம் என் மருமகள் கைபேசியைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து, "மாமா, பிலோமினா ஆன்ட்டி போயிட்டாங்களாம்" என்றாள். கேட்டதும் எல்லோரும் உட்காருவார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த மாடி அப்படியே கண்முன் வந்துவிட்டது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுத்தில் தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள். நடந்ததில் சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரை மாதா கோயிலில் பார்த்த பழக்கம் இருக்கும். எனக்குப் பெயிண்ட் கடையில்தான் பழக்கம். நான் டிங்கரிங் வேலை செய்தவன். நசுங்கிய வண்டித் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது என் தொழில். அவர் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வண்டிக்கு ஏற்ற நிறத்தைக் கலந்து டின்னில் கொடுப்பார். பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டினால் போதும். ஆனால் கடைக்குள் வைத்துப் பார்க்க மாட்டார். "டியூப்லைட்டு பொய் சொல்லும் அண்ணா, வெளிய வாங்க" என்று மூடியைப் பிடுங்கிக்கொண்டு நடுரோட்டில் போய் வெயிலில் நிற்பார். பஸ்காரன் ஹாரன் அடிப்பான். "இருப்பா, உன் பஸ்ஸுக்கும் ஒரு நாள் நான்தான் கலக்கணும்" என்பார்.

முத்து வெள்ளை என்பது சாதாரண வெள்ளை இல்லை. முதலில் வெறும் வெள்ளை, அதன்மேல் முத்துப் பொடி கலந்த மெல்லிய பூச்சு, அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ். நடுவில் இருக்கும் அந்தப் பொடிதான் எமன். ஒரு தடவை அடிப்பதை ஒரு கோட்டு என்போம். கோட்டு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும்.

அன்வர் பாய் என்று ஒருவர் இருந்தார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கார் ஒன்று வைத்திருந்தார், முத்து வெள்ளை. ஒரு தண்ணி லாரி அதன் வலது பக்கத்தை முழுசாக உரசிவிட்டது. முன் மட்கார்டு, இரண்டு கதவு, மூன்றையும் நான் தட்டிக் கொடுத்தேன். பெயிண்ட் அடித்தது தனபால். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பேர் வாங்கிய பெயிண்டர். கலர் கலந்தது பிலோமினா. அடித்து மாட்டிப் பார்த்தால் மட்கார்டு ஒரு வெள்ளை, கதவு ஒரு வெள்ளை. திரும்பவும் டின் வாங்கிப்போய் அடித்தார். அப்போதும் அப்படியே. "போட்டோவுல பொண்ணு ஏறுற கதவு மட்டும் மஞ்சக்காமாலை வந்தாப்புல இருக்குது" என்று அன்வர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

தனபால் நேராகக் கடைக்கு வந்து, மிச்சம் பாதிக்கு மேல் இருந்த டின்னைக் கவுண்டரில் டொம் என்று வைத்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

"கலர் கலக்கத் தெரியாத பொம்பளைய வச்சுக்கிட்டு எங்க பேரைக் கெடுக்கிறீங்களே!"

பிலோமினா எழுந்து வந்தார். "கதவை எப்படி வச்சு அடிச்ச தனபாலு?"

"ஸ்டூல் மேல படுக்க வச்சுத்தான். எப்படி வச்சா உனக்கென்ன?"

"மட்கார்டை?"

"அது கம்பில தொங்குச்சு. கேள்வியப் பாரு!"

"அப்ப கலரு சரி. நீ அடிச்சதுதான் தப்பு."

கடை முதலாளி பெயிண்டர்களை நம்பிக் கடை நடத்துகிறவர். அவருக்குத் தனபால் வேண்டும். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் கலந்த கை. அந்த டின்னை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு, "இதே டின்னுல, மூணு தகட்டையும் என் வீட்டுல நானே அடிக்கிறேன். வர ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிஞ்சதும் எங்க தெருவுக்கு வாங்க, வெயில்ல பாருங்க. பொருந்தலைன்னா இந்த ஊர்ல யாருக்கும் கலர் கலக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "பிலோமினாம்மா, நீங்க துப்பாக்கி பிடிச்சதே இல்லையே!" ஸ்ப்ரே அடிக்கிற கன்னை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்.

"பிடிச்சிருக்கேன் அண்ணா. எங்க அப்பா கோயில் சிலை, சுரூபத்துக்கு வர்ணம் அடிச்சவரு. மாதாவோட நீல அங்கிக்கு அடிச்ச கை, அன்வர் பாய் கதவுக்கு அடிக்காதா?"

புதுசாக ஒரு டின் கலந்து அடிக்கலாமே என்றேன். அப்படி அடித்தால் கலவையை மாற்றிவிட்டாள் என்பார்கள், அதே டின்தான் என்றார். டின்னில் இருந்தது மூன்று தகட்டுக்கு ஒரே தடவைதான் வரும். தப்பினால் தப்பியதுதான். அன்வர் பாயிடம் போய்ச் சொன்னபோது, "அரே, ஏற்கனவே மஞ்சக்காமாலை. இன்னும் என்ன கெடப்போகுது? கழட்டிக்கோங்க" என்றார்.

மூன்றையும் கழற்றி, தனபால் அடித்த பூச்சை வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்தோம். மாடியில் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி ஒரு கூடாரம். உள்ளே இரண்டு தகடுதான் கொள்ளும். தூசி எழும்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தோம். தகடுகள் வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்க வேண்டும் என்று என்னைப் பாடாய்ப் படுத்தினார். "அந்தப் பொடி மீன் குஞ்சு மாதிரி அண்ணா. நிக்க வச்சா ஒரு பக்கம் திரும்பிப் படுக்கும், படுக்க வச்சா வேற பக்கம். தனபால் ஒண்ணை நிக்க வச்சான், ஒண்ணைப் படுக்க வச்சான்." அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. உடம்பு சிலிர்த்தது, பொய் இல்லை!

பழைய டின் மூடிகளில் ஒரு கோட்டு, இரண்டு கோட்டு, மூன்று கோட்டு என்று அடித்து, வார்னிஷும் போட்டுக் காயவைத்து, தெருவில் நின்ற அன்வர் பாய் காரின் பானெட்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்று கோட்டு மூடி பானெட்டோடு கலந்து காணாமலே போய்விட்டது. அன்வர் பாய் விரலால் தடவித் தேடினார்!

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே தின்னர் ஆவியாகிப் போக நேரம் விட வேண்டும். பிலோமினா கடிகாரம் வைக்கவில்லை. ஜெபமாலையில் மூன்று பத்து மணி சொல்லி முடிகிற நேரம், அதுதான் கணக்கு. "கடிகாரத்தைப் பார்த்தா அவசரம் வரும், ஜெபத்துல அவசரம் வராது" என்பார். அப்பா சுரூபத்துக்கு அடிக்கும்போது அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். ஆனால் மாஸ்க் கட்டிய வாயால் எப்படி ஜெபம் சொல்வது? அதனால் நாத்தனார் லூர்து கூடாரத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பத்து முடிந்ததும் "ஆமென், பிலோ!" என்று குரல் கொடுப்பார். உள்ளே கன் சீறும்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். நைட்டிமேல் மழைக்கோட்டு, தலையில் குளிக்கிற பிளாஸ்டிக் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. அந்தக் கோலத்தில் பிலோமினாவைப் பார்த்து அன்வர் பாய், "நிலாவுக்குப் போறீங்களா அம்மா?" என்றார். முதலில் மட்கார்டும் முன்கதவும். லூர்து நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு அருள்நிறை மந்திரமும் மணி அடித்தாற்போல வந்தது. மத்தியானம் ஷீட்டை விலக்கிப் பார்த்தோம். என்ன சொல்வது! சிப்பியைத் திறந்த மாதிரி இருந்தது. நான் கைதட்டிவிட்டேன். "தூசி கிளம்பும், கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று திட்டு வாங்கினேன்.

பின்கதவு உள்ளே போன பிறகு மேற்கே மேகம் கட்டியது. முதல் கோட்டு முடிந்தது. லூர்து வானத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். மழை வந்தால் ஷீட் தாங்காது, தம்பி பெண்டாட்டியின் மானம் போய்விடும் என்ற பயம். ஜெபம் ஓட ஆரம்பித்தது. ஒரு மந்திரத்தின் வால் அடுத்ததன் தலையில் ஏறியது. அன்வர் பாய் என் காதில், "என்ன அண்ணா, பாசஞ்சர் எக்ஸ்பிரஸ் ஆயிடுச்சு?" என்றார். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. "ஆமென், பிலோ!" உள்ளே கன் சீறியது. பிலோமினா நாத்தனாரை நம்பினார். இரண்டாவது, மூன்றாவது, மேலே வார்னிஷ், எல்லாம் அந்த ஓட்டத்திலேயே முடிந்தது. மழையோ எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பீன்யா பக்கம் போய்க் கொட்டியதாம்.

அரைமணி கழித்து ஷீட்டை விலக்கினால், கதவு முழுக்க வேர்க்குரு. உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் வார்னிஷைத் துளைத்துப் பொரிப்பொரியாக வெளியே வந்திருந்தது. டின் காலி.

லூர்துவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நான்தான்டி கெடுத்தேன், பாவி நான்தான்" என்று அழுதார்.

"அண்ணி, மாதா கோச்சுக்க மாட்டாங்க. எழுந்திருங்க" என்றார் பிலோமினா. கன்னைப் பிரித்து, தின்னரில் ஊறவைத்து, ஒவ்வொரு துண்டாகத் துடைத்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "மட்கார்டும் முன்கதவும் மாட்டுறேன். இதை மாட்ட வேணாம். இன்னும் அடிக்கலன்னு சொல்லிடலாம்."

அவர் துடைத்த கன்னைக் கீழே வைத்தார். "மூணையும் மாட்டுங்க அண்ணா. மூணுன்னுதான் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்றையும் மாட்டினேன். முதல் பூசை விட்டு ஜனங்கள் வந்தார்கள். வேடிக்கை என்றால் ஆஸ்டின் டவுனில் கேட்கவா வேண்டும். கடை முதலாளி ஸ்கூட்டரில் வந்தார், பின்னால் தனபால். இறங்கியதும் தனபாலின் கண் பின்கதவில்தான் விழுந்தது.

"என்னம்மா இது, கதவுக்கு அம்மை போட்டிருக்கு? வேப்பிலை கட்டலையா?"

தெருவே சிரித்தது. லூர்து வாயைத் திறந்தார். பிலோமினா அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்மைதான் தனபாலு. காய விடாம அடுத்த கோட்டு போட்டது என் தப்பு. சுரண்டி, வேற டின்னு வாங்கி அடிச்சுக் குடுத்துடுவேன். நீ நிறத்தைச் சொல்லு."

தனபால் மட்கார்டு பக்கம் குனிந்து பார்த்தார். பானெட்டுக்குப் போனார். பின்னால் போய் டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முழு நீளத்தையும் பார்த்தார். இடது பக்கம் போய் லாரி தொடாத கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார். மூன்று சுற்று. அந்த ஆளுக்கு வாய் நீளம்தான். ஆனால் பெயிண்டர் பெயிண்டர்தானே, கண்ணை ஏமாற்ற முடியவில்லை. எதையோ முனகினார்.

"கேக்கலை, ஜோரா சொல்லப்பா" என்றார் முதலாளி.

"கலரு சரிதாங்க. மட்கார்டுலயும் சரி, முன்கதவுலயும் சரி, அம்மை போட்ட கதவுலயும் சரி. எல்லாம் ஒரே வெள்ளை."

தெரு அப்படி ஒரு சத்தம் போட்டது! அன்வர் பாய் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, "ஆய்து, சரி பிலோமினாம்மா, சோமவாரம் கடைக்கு வந்துடுங்க" என்றார்.

"வரேன் சார். தனபாலு இனிமே கதவை நிக்க வச்சு அடிக்கட்டும்."

அடுத்த வாரம் பின்கதவைச் சுரண்டிப் புதுசாக அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த மாடிக்கு எத்தனையோ பெட்ரோல் டாங்க்குகளும் ஸ்கூட்டர் தகடுகளும் ஏறி, முத்தாக இறங்கின. லூர்துவின் ஜெபத்தைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லூர்துவே போய்விட்ட பிறகு இப்போதுதான் நான் சொல்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வேலையைப் பற்றியும் யார் குறை சொன்னாலும், எப்படி வைத்துச் செய்தாய் என்று முதலில் கேட்கிறேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

கடை முதலாளி போய்விட்டார். அன்வர் பாய் கொரோனாவில் போனார். இப்போது பிலோமினாவும். அந்தக் கலவை சரியாகத்தான் இருந்தது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆனால் நான் அவர் கட்சி ஆள், என் சாட்சி எடுபடாது. எதிர்க்கட்சியாக வந்து, மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்து, தெரு கேட்கச் சொன்ன ஆள் ஒருவர் பீன்யாவில் மகன் வீட்டில் இருக்கிறார். கண்புரை எடுத்த கண்ணோடு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் பெயிண்டுக்கு இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். போய்க் கேளுங்கள். பெயர் தனபால்.