காலால் பிறந்தவன்

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்துவந்தேன். பூண்டியிலிருந்து அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். இடுப்புப் பிடிப்பால் அவரால் குனிய முடியவில்லை. பூண்டு நடும் பருவத்துக்குள் தேறாவிட்டால், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக மகன்கள் சொல்லியிருந்தார்கள்.

இறுகிய தசைகளை அழுத்தித் தளர்த்தினேன். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தச் சொன்னேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நோவுன்னு வந்தா பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு மாதிரி ட்ரில்லு சொல்றீங்க. காலால பொறந்தவுக ரெண்டு மிதி மிதிச்சா வெரசா விட்டுப்போகும்."

"ஊர்ல அப்படி ஆளு இல்லைங்க," என்றார் மனைவி. "நான் மிதிக்கிறேன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு."

"நீ மிதிச்சா இடுப்பு மிஞ்சுமாக்கும்?"

பிரசவத்தில் கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விலகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் தலை முதலில் வந்தவன். ஆனாலும், "நான் காலால பொறந்தவன்தான்யா," என்று சொல்லிவிட்டேன். பாரம் கொடுக்காமல் அவர் இடுப்பில் பாதத்தை வைத்து எடுத்தேன். "மிதி பலிக்கணும்னா தெனமும் இந்தப் பயிற்சியச் செய்யணும்," என்றேன்.

செய்தார். பருவத்தில் பூண்டிக்குப் போய்ப் பார்த்தேன். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து நட்டுக்கொண்டிருந்தார். அன்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த பருவத்துக்கு முன் அவரை ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வலி விட்டதும் பயிற்சியையும் விட்டிருக்கிறார்.

"மிதி பழசாப்போச்சு டாக்டரு. புதுசா ஒண்ணு வைங்க."

"நான் தலையால பொறந்தவன்யா. உங்களை நிமித்தினது நீங்க செஞ்ச பயிற்சி. நான் சொன்னது பொய்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவி மனுசா! வருசம் பூரா ஊர்ல டாக்டரு காலைப் பத்தியில்ல பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சீரு!"

பெரியவர் சிரிக்கவில்லை. தானாகவே முழங்காலை மடக்கினார்.

அந்தப் போகத்துக்குள் அவர் தேறவில்லை. அவர் தோட்டத்தில் வேறொருவர் பூண்டு நட்டார். அந்த இழப்புக்கு என் பொய்தான் காரணம். இன்றும் அது உறுத்துகிறது.

குத்தகை முடிந்ததும் அவரே தோட்டத்தில் இறங்கினார். இடுப்பு எப்படிச் சரியானது என்று கேட்டவர்களிடம், "நானே சரிபண்ணிக்கிட்டேன்," என்றாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டபோது வந்த பெருமை, என் தொழிலில் வேறெதிலும் எனக்கு வந்ததில்லை.