ஊறப்போட்ட போஞ்சி விதை

அக்காவின் பித்தளை மூக்குப்பேணி இப்போது என் சமையலறை யன்னலடியில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. விதை ஊறப்போட மட்டும்தான். பித்தளையில் ஊறினால் விதை கெதியாக முளைவிடும் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. உண்மையோ பொய்யோ, அவளை மறுத்துக் கதைக்க எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் துணிவிருந்ததில்லை.

நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் அவளுடைய அடுக்குமாடிக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு தோட்டநிலம் உண்டு. அங்கே எங்கள் சனம் வருடம் தவறாமல் ஒரு பிழை விடும். சித்திரை வருடப்பிறப்பு நல்ல நாளாயிற்றே! கோயிலால் வந்த கையோடு, பட்டுச் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, நாலு விதையையாவது மண்ணில் போட்டுவிடுவார்கள். மேல்மண் ஈரமாக, பதமாகத்தான் தெரியும். ஒரு சாண் கீழே கல்லாக உறைந்து கிடக்கும். விதை அழுகிப்போகும். அக்கா தன் துண்டில் ஒன்றும் போடாமல் வேலியோரம் நின்று, "நாள் நல்ல நாள்தான். மண்ணிட்டைக் கேட்டனீங்களோ?" என்பாள். அவள் கேட்கும் முறை, புறங்கையை மண்ணில் அழுத்திப் பார்ப்பது. முள்ளங்கிக்கும் பட்டாணிக்கும் பேர்ச் மரத்தின் இலை எலிக்காது அளவு விரியவேண்டும். போஞ்சிக்கும் பூசணிக்கும் அதுவும் போதாது. இரும்பு இரவுகள் என்று நோர்வேக்காரர் சொல்லும், ஜூன் தொடக்கத்தில் வந்து இளம்பயிரைக் கருக்கும் அந்த உறைபனியும் கடந்து போகவேண்டும். அதற்கு முன் போஞ்சி விதை கேட்டால், "கொலைக்கு நான் கை குடுக்கமாட்டன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் யன்னலில், ஒரு பெப்ரவரியில், பேணி நிறையப் போஞ்சி விதை ஊறிக்கொண்டிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "என்னக்கா, பனிக்குள்ளையோ விதைக்கப்போறியள்?" என்று சிரித்தேன். "சும்மா, முளைக்குதோ எண்டு பாக்கிறன்" என்று அவளும் சிரித்தாள். அடுத்த முறை போனபோது பேணியில் புதிதாக வேறு விதைகள். "இது எப்ப போட்டது?" என்று கேட்டேன். "நீதானே போட்டனி" என்றாள். பகிடி விடுகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே பகிடி இல்லை.

மார்ச்சில் ஒருநாள் போனபோது வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. ஆள் தோட்டத்தில். முழங்கால் பனிக்குள் வீட்டுச் செருப்போடு குனிந்து நின்று, அகப்பைக் காம்பால் பனியில் குழி குத்தி, குழிக்கொரு விதை போட்டு, உள்ளங்கையால் மூடிக்கொண்டு போனாள். வரிசை நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. அந்த நேர்தான் என்னை அதிகம் பயப்படுத்தியது. கூப்பிட்டேன். "கெதியா வா. மழைக்கு முதல் போட்டு முடிக்கவேணும். கிணத்தடிப் பக்கத்தை நீ பார்" என்றாள். கிணறு ஊரிலல்லவா இருந்தது! கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு, சிவந்து விறைத்த புறங்கையைப் பனியில் அழுத்தினாள். அழுத்தியபடியே என்னைப் பார்த்து, "மண் நல்லாச் சூடேறிட்டுது" என்றாள்.

இப்போது அவள் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். அறைக்கு வெளியே ஒரு பேர்ச் மரம் நிற்கிறது. போன வசந்தத்தில் இலைகள் எலிக்காதளவு வந்திருந்ததைக் காட்டினேன். அது யாருடைய மரம் என்று மரியாதையாகக் கேட்டாள். வெளியே வந்து அழுதேன். எங்கள் அம்மாவுக்கும் கடைசிக்காலத்தில் இப்படித்தான் என்பதை அறிந்த டாக்டர், எனக்கு மறதி ஏதும் தட்டுப்பட்டால் தாமதிக்காமல் வரச்சொன்னார். நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். தோட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். அக்காவின் சட்டப்படியே விதைக்கிறேன், ஒரு நாளும் முந்துவதில்லை.

நேற்று மாலை மகள் வேலையால் வந்து தேத்தண்ணிக்குக் கேத்தலை எடுத்தவள், யன்னலடியில் அப்படியே நின்றாள். "அம்மா, இதை எப்ப போட்டனீங்கள்?" பேணிக்குள் போஞ்சி விதைகள் ஊறிப் பருத்து, தோல் வெடித்துக் கிடந்தன. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"நீதானே போட்டனி" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொற்களை முன்பு எங்கே கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. மகளுக்கு அந்தக் கதை தெரியும். கேத்தலை மெதுவாக வைத்தாள். "நான் போடேல்லை அம்மா" என்றாள். பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல, "போஞ்சி எப்ப போடவேணும்?" என்றாள்.

"ஜூனிலை. இரும்பு இரவுகள் போனாப்பிறகு" என்று உடனே சொன்னேன். அவள் மூச்சு விட்டதைக் கண்டேன். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இப்ப என்ன மாசம், அம்மா?"

பதில் சொல்வதற்கு முன், நான் யன்னலுக்கு வெளியே பார்க்கவேண்டியிருந்தது.